வெறும் எழுத்து என்று சொன்ன மகனுக்கு

தம்பி, ஒரே வீட்டில், ஒரே கேத்திலில் தேத்தண்ணீர் போட்டுக் குடிக்கிற மகனுக்குத் தாய் கடிதம் எழுதுவது சிரிப்பான காரியம்தான். வேறு வழியில்லை. வாயால் பேசினால் நான் கத்துகிறேன், நீ அறைக் கதவைச் சாத்துகிறாய், அப்பா ரீவியின் சத்தத்தைக் கூட்டிவைக்கிறார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நம் வீட்டில் நடப்பது இதுதான். கடிதம் என்றால் கதவைச் சாத்திக்கொண்டாவது வாசிப்பாய். ஒரு பிரதியை உன் மேசையில் வைக்கிறேன். இன்னொன்றை, தமிழ்க் கடையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் சும்மா அடுக்கிவைத்திருக்கிறார்களே, அந்த மாதப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை, மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆகவே பதறாதே. உன்னைப் போல யோசிக்கிற பிள்ளைகள் இப்போது இந்த நகரத்தில் கட்டடத்துக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும்.

ஞாயிறு மத்தியானம் புட்டும் மீன்குழம்பும் போட்டுத் தந்தேன். இரண்டாம் தரம் குழம்பு விட்டுக்கொண்டு, கடைக்குப் போய்ப் பால் வாங்கிவருகிறேன் என்று சொல்கிற குரலில் சொன்னாய்: "அம்மா, வெள்ளிக்கிழமை ஜேர்மனிக்குப் போறன். குகன்ரை தங்கச்சியோடை எழுத்து எழுதிப்போட்டு வாறன்."

"என்ன எழுத்து?"

"கலியாண எழுத்து. சுபாவை இஞ்சை கூப்பிடத்தான். அவள் அங்கை அகதிக் காம்பிலை கிடக்கிறாள், எந்த நேரமும் திருப்பி அனுப்பிவிடுவாங்கள். வந்து இறங்கினாப் பிறகு எழுத்தை வெட்டிவிடலாம். ஏன் உப்பிடிப் பாக்கிறியள்? வெறும் எழுத்துத்தானே, அம்மா."

"அப்ப வசந்தி?"

"வசந்திக்குத் தெரியும். நீங்கள் ஓம் எண்டா தனக்கும் ஓமாம்."

பேயறைந்தவள் போல இருந்தேனாம், அப்பா பிறகு சொன்னார். உன் சிநேகிதன் குகனின் தங்கைக்கு உதவவேண்டும் என்று நீ நினைத்ததற்காக அல்ல. அந்தப் பிள்ளையை நினைத்தால் என் வயிறும்தான் எரிகிறது. இரண்டு வருடமாக நீ கட்டப்போகிறேன் என்று நிற்கிற வசந்தியை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு கையெழுத்து வைக்கப்போகிறாய் என்பதும் பாதிதான். மற்றப் பாதி, நீ சொன்ன அந்தச் சொல். வெறும் எழுத்து. அது என் வாயிலிருந்து போன சொல். நாலு வருடத்துக்கு முதல், இதே குசினியில், இதே மேசையில், மார்சியாவுக்கு நான் சொன்னது. அன்றைக்கு நீ அந்தப் பக்கத்தில் இருந்து பாடம் செய்துகொண்டிருந்தாய். காதில் விழுந்ததென்றுகூட எனக்குத் தெரியாது. இப்போது அதை அப்படியே எடுத்து என் கோப்பையில் போடுகிறாய்.

எங்களுடைய ஆட்களுக்கு எழுத்தென்றால் என்ன என்று உனக்குத் தெரியும். பத்திரிகையில் வாசிக்கிற வேறு ஊர்க்காரருக்காகச் சொல்கிறேன். பதிவுகாரர் வீட்டுக்கு வருவார், மாப்பிள்ளையும் பொம்பிளையும் கையெழுத்து வைப்பார்கள், எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். சட்டப்படி அன்றைக்கே அவர்கள் புருசன் பெண்சாதி. ஆனால் தாலி ஏறும்வரை ஒருவரும் அப்படி நினைக்கமாட்டார்கள். எனக்கும் அப்பாவுக்கும் எழுத்து முடிந்து ஒன்றரை வருடத்துக்குப் பிறகுதான் கோயிலில் தாலி கட்டியது. நடுவில் ஒரு நாள் அப்பா சைக்கிளில் வந்து படலையில் நின்று தண்ணீர் கேட்டார். செம்பை என் தம்பிதான் கொண்டுபோய்க் கொடுத்தான். நான் யன்னலால் பார்த்ததற்கே வீட்டில் ஏச்சு விழுந்தது. சட்டப்படி என்னுடைய புருசனைத்தான் பார்த்தேன். யார் சட்டத்தைப் பார்த்தார்கள்?

அந்தப் பழக்கம் இங்கே வந்து நம்மை எப்படி மாட்டிவைத்தது என்பதையும் நீ மறந்திருக்கமாட்டாய். எண்பத்து நாலில் வந்து அகதி விசாரணைக்குப் போனபோது என்னையும் அப்பாவையும் தனித்தனி அறையில் இருத்திக் கலியாணத் திகதியைக் கேட்டார்கள். நான் தாலி கட்டிய நாளைச் சொன்னேன். அப்பா கையெழுத்து வைத்த நாளைச் சொன்னார். அந்த அதிகாரியின் முகம் மாறியது. பொய்க் கலியாணம், பொய்க் குடும்பம், திருப்பி அனுப்பு என்று எழுதிவிடப்போகிறான் என்று நினைத்தேன். நீதான், மீசை முளைக்காத பிள்ளை, உள்ளே போய் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாய்: எங்கள் ஊரில் முதலில் எழுதுவார்கள், பிறகுதான் கலியாணம், எழுதுவது வெறும் எழுத்து. அந்த மனிதன் சிரித்துவிட்டான். வீட்டுக்கு வரும் வழியில் ஸ்ரீட்கார் ரயிலில் நாமும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பிழைத்துவிட்டோம் என்ற சந்தோசத்தில், அந்த மனிதனின் முகம் ஏன் முதலில் மாறியது என்று நான் யோசிக்கவேயில்லை.

அதே வருடம்தான் டெரல் நம் பக்கத்து வீட்டுக்கு வந்தது. சென் ஜேம்ஸ் ரவுணில் நம்முடைய இந்த உயரமான கட்டடத்தில் லிஃப்ற் கதவு திறக்க, உள்ளே ஒரு மனிதன் தலையைச் சரித்துக்கொண்டு நின்றான். நான் ஊர்ப் பழக்கத்தில் "ஐயோ!" என்று கத்திவிட்டேன். அவன் பயந்து "சொறி" என்றான். தன்னுடைய உயரத்துக்கு மன்னிப்புக் கேட்ட மனிதனை அன்றைக்குத்தான் கண்டேன். அலபாமாக்காரன். தாய் தகப்பன் இல்லை, வளர்த்த சிறியதாயும் போய்ச்சேர்ந்துவிட்டாள். பெண்சாதி மார்சியா ஜமேக்காவில் பிறந்து இங்கே வளர்ந்தவள், வயோதிபர் இல்லத்தில் வேலை. தொழில் என்ன என்று கேட்டால் கூடைப்பந்து விளையாட்டு என்றான். அது தொழிலா என்று நான் உன்னிடம் கேட்டேன். நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம். அடுத்த நாளே கட்டடத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் அவன் போடுகிற பந்துகளைப் பொறுக்கிக் கொடுக்கத் தொடங்கிவிட்டாய்.

அமெரிக்காவின் பெரிய லீக் அவனை எடுத்துவிட்டுப் போட்டிகள் தொடங்குமுன்னரே கழித்துவிட்டது என்று நீதான் வந்து சொன்னாய். அப்படிக் கழிபட்டவர்கள் கடல் தாண்டிப் போய் விளையாடுவார்களாம். ஆவணியில் போய்ச் சித்திரை வைகாசியில் வருவார்களாம். முதல் வருடம் அவன் பின்லாந்துக்குப் போனான். போகும்போது சூட்கேசில் பாதிக்குச் சப்பாத்து. அவன் காலுக்கு அங்கே சப்பாத்து கிடையாதாம். நான் "போட்டு வாறன் எண்டு சொல்லு" என்று சொல்லிக் கொடுத்தேன். அவனும் என்னவோ ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனான். மார்கழி நத்தாருக்கு முன்னரே லிஃப்ற்றுக்குள் அதே சூட்கேசோடு நின்றான். திருப்பி அனுப்பிவிட்டார்கள். அணி தொடர்ந்து தோற்றதாம். தோற்றால் வெளிநாட்டுக்காரன்தான் காரணமாம். நான் லிஃப்ற்றுக்குள் ஏறவும் இல்லை, வெளியில் வரவும் இல்லை, கதவு என் தோளில் வந்து இடித்தது. வீட்டுக்குள் வந்து அப்பாவிடம், "இஞ்சேருங்கோ, அமெரிக்கனையும் திருப்பி அனுப்புவாங்களோ?" என்றேன். நம்மைத் திருப்பி அனுப்புவார்கள் என்று பயந்து பயந்து கிடந்த காலம் அது. அப்பா சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப எங்களுக்கு என்ன கதை?" என்றார்.

அடுத்த வருடம் பெல்ஜியம். ஒரு சின்ன ஊர்க் கழகம். படம் கொண்டுவந்து காட்டினான். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு இறைச்சிக் கடையின் விளம்பரம் போட்ட பெனியன். இவ்வளவு பெரிய ஆம்பிளை சொசேஜ் படத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஓடுகிறானே என்று நான் விறைத்துப்போனேன். அவன் சிரித்தான். அங்கே எல்லாருக்கும் அவனைத் தெரியுமாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பின்னால் வருவார்களாம். ஆனால் இரண்டு வருடத்தில் ஒரு வீட்டிலும் கூப்பிட்டுச் சோறு போடவில்லையாம். பயிற்றுநர் பேசுவது பாதி விளங்காதாம். முழங்கால் வீங்கினால் ஒருவருக்கும் சொல்லமாட்டானாம், ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டு விளையாடுவானாம். வீக்கம் தெரிந்தால் அடுத்த விமானத்துக்கு ரிக்கெற். நம் மேசையில் நண்டுக் கறியைக் கடித்துக்கொண்டு அவன் இதையெல்லாம் சொல்ல, எயாப்போட்டில் உனக்குக் காய்ச்சல் என்று தெரியாமல் இருக்க நான் உன் முகத்தைத் துடைத்துத் துடைத்துக் கொண்டுவந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து அவன் எனக்கு வெள்ளைக்காரனும் இல்லை, கறுவலும் இல்லை, அமெரிக்கனும் இல்லை. நம்மில் ஒருவன்.

அந்தக் கோடையில்தான் மார்சியா என் குசினிக்கு வந்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை எனக்கு விளங்கிய தமிழில் எழுதுகிறேன். ஒரு அணியில் இரண்டு வெளிநாட்டுக்காரர்தான் விளையாடலாம். டெரலுக்கு வயது போகிறது, அவன் இடத்துக்கு இளம் பெடியன்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் அந்த நாட்டுக்காரி ஒருத்தியைக் கட்டினால் காலப்போக்கில் அவன் வெளிநாட்டுக்காரன் இல்லை. முழங்கால் விடும்வரை விளையாடலாம். அப்படி நிறையப் பேர் செய்கிறார்கள் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெண்ணும் ஓம் என்று நிற்கிறாள், நல்ல பெண். அதற்கு மார்சியாவும் டெரலும் முதலில் அவன் ஊரில் போய் விவாகரத்து எடுக்கவேண்டும். எல்லாம் தாளில் மட்டும். "உங்கடை ஆக்களுக்குத்தான் தாளைப் பற்றித் தெரியும். நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டாள்.

எனக்கு முதலில் பிடிக்கவில்லை, உண்மை. தாளிலென்றாலும் கட்டியவளை வெட்டுவதா? பிறகு என் ஊர் மூளை வேலை செய்தது. அது எழுத்துத்தானே. கோயில் இல்லை, தாலி இல்லை, மேளம் இல்லை. நானே ஒன்றரை வருடம் எழுத்தோடு இருந்தவள் அல்லவா? படலைக் கதையைச் சொன்னேன், விசாரணைக் கதையைச் சொன்னேன். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "கலியாணம் எண்டது வேறை, மார்சியா. உது வெறும் எழுத்து" என்றேன். அவள் எழுந்துவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள்.

விவாகரத்து எடுத்து, டெரல் பெல்ஜியத்தில் அந்தப் பெண்ணோடு கையெழுத்தும் வைத்தான். அதற்குப் பிறகு எல்லாம் நன்றாகத்தான் போனது. நன்றாகப் போனதுதான் பிழையாகப் போனது. அவனைக் கழிக்க முடியாதென்று ஆனதும் அவன் விளையாட்டே மாறிவிட்டது என்று நீ சொல்வாய். முழங்காலை ஒளிக்கவேண்டியதில்லை, வைத்தியரிடம் காட்டலாம். அணிக்குத் தலைவனாக்கினார்கள். மார்சியா ஞாயிறு காலை தவறாமல் ரெலிபோன் எடுப்பாள், சிரிப்புச் சத்தம் சுவரால் கேட்கும். கோடையில் வந்தால் இங்கேதான், அவளோடுதான். அந்தப் பெல்ஜியப் பெண்ணுக்கென்று ஒரு ஆள் இருந்தான். முகவரிக்காக டெரலின் வீட்டில் பெயர் மட்டும் போட்டிருந்தாள். நத்தாருக்கு மார்சியாவுக்குச் சொக்கிளேற்கூட அனுப்புவாள். ஒருவரும் ஒருவரையும் ஏமாற்றவில்லை. இதை நீ கவனமாக வாசி, தம்பி. இந்தக் கதையில் கெட்டவர்கள் இல்லை.

போன மாசி மாதம், ஞாயிறு காலை. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். மனிதச் சத்தம் என்றே முதலில் தோன்றவில்லை. நீ எனக்கு முன்னால் ஓடினாய். மார்சியா ரெலிபோனைக் கையில் பிடித்தபடி நிலத்தில் இருந்தாள். அந்தப் பெண்தான் மறுமுனையில் எடுத்திருக்கிறாள். வீட்டை ஒழுங்குபடுத்த வந்தவளாம். திங்கட்கிழமை பயிற்சியில் ஓடிக்கொண்டிருந்த டெரல் விழுந்திருக்கிறான். இதயம். விழுந்தவன் எழும்பவில்லை. சனிக்கிழமை அடக்கம் செய்தாகிவிட்டது. ஊரே வந்ததாம், அணிப் பெடியன்கள் தூக்கினார்களாம். மார்சியாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கழகம் பெண்சாதிக்குச் சொன்னது. வைத்தியசாலையும் பெண்சாதிக்குச் சொன்னது. இரண்டு பேரும் சொன்னது அந்தப் பெண்ணுக்கு. அவளோ, கழகம் மார்சியாவுக்குச் சொல்லியிருக்கும், வராததற்கு என்னவோ காரணம் என்று நினைத்துக்கொண்டாள். கழகத்தில் இருந்தவர்களோ மார்சியா பழைய பெண்சாதி என்று நினைத்தார்கள். பழைய பெண்சாதிக்கு யார் ரெலிபோன் எடுப்பது?

அந்த ஒரு கிழமையும் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று உனக்கு ஞாபகமா? புதன்கிழமை என்னோடு கடைக்கு வந்து அவனுக்கென்று பெரிய கம்பளிச் சட்டை தேடினாள். வெள்ளிக்கிழமை நம் வீட்டில் தோசை தின்றாள், பகிடி விட்டாள். அவன் செத்து நாலு நாள். சாவு எங்கள் சனத்துக்குப் புதிதில்லை. ஆனால் புருசன் செத்தது தெரியாமல் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்ததை, அதுவும் என் மேசையில் இருந்து சிரித்ததை, என்னால் விழுங்க முடியவில்லை. பிறகு அவள் சவத்தை இங்கே கொண்டுவரலாமா என்று கேட்டுப் பார்த்தாள். நீங்கள் அவருக்கு என்ன முறை என்று கேட்டார்களாம். அதற்கு அவள் சொல்லக்கூடிய பதில் எந்தத் தாளிலும் இல்லை.

நான் கணக்குப் பார்த்தேன். அடுத்த நாள் எட்டு. செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். அப்பா, "அவன் வேதக்காரன் அல்லோ?" என்றார். "வேதக்காரனுக்குப் பசிக்காதோ?" என்று சீறினேன். நண்டுக் கறி வைத்தேன். மார்சியா மக்கரோனி செய்தாள். நீ போய்ப் பொரித்த கோழியும் கோலாவும் வாங்கிவந்தாய். இலைக்கு எங்கே போவது, பெரிய தட்டொன்றில் எல்லாவற்றையும் வைத்து, மார்சியாவை முன்னால் இருத்தி, அவள் கையால் தண்ணீர் தெளிக்கச் செய்தேன். உலகத்தில் அவளை அவனுடைய பெண்சாதி என்று ஏற்றுக்கொண்ட ஒரே இடம் இந்தக் குசினிதான். ஆனால் தம்பி, என் குசினியின் அதிகாரம் எவ்வளவு தூரம் போகும்? லிஃப்ற் வாசல் வரைக்கும் போகாது. பிறகு அந்தப் பெண் மனமிரங்கி அனுப்பிய சப்பாத்துச் சோடி ஒன்றைத்தான் மார்சியா உனக்குத் தந்தாள். கால் நிறையாததால் இரண்டு சோடி மேஸ் போட்டுக்கொண்டு நீ அதோடு விளையாடுகிறாய்.

நீ ஞாயிற்றுக்கிழமை அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு நான் மார்சியாவிடம் போனேன். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று நான் அன்றைக்குச் சொன்னதுதானே அவளைக் கெடுத்தது என்று கேட்டேன். "நாங்கள் உன்னட்டை வரமுந்தியே கையெழுத்து வைச்சிட்டம்" என்றாள். "நான் உன்னட்டை அனுமதி கேக்க வரேல்லை. பயந்து போய் வந்தனான். ஒண்டுமில்லை எண்டு யாராவது சொல்லவேணும் போலை இருந்துது. நீ சொன்னாய்." இத்தனை மாதமாக என்னால்தான் என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். இல்லையாம். ஆறுதலாக இருக்கவேண்டும், அல்லவா? இருக்கவில்லை. ஏனென்றால் அவள் அடுத்ததாகச் சொன்னாள்: "உன்ரை மகனும் பயந்துபோய்த்தான் இருக்கிறான். இல்லாட்டி வெறும் எழுத்து எண்டு ஏன் உனக்குச் சொல்லவேணும்?"

அது உண்மையா, தம்பி? நான் கத்தியபோது நீ கதவைச் சாத்தினாயே, கோபத்திலா, பயத்திலா? வசந்தி "அன்ரி சொன்னாச் சரி" என்று என் தலையில் போட்டிருக்கிறாளே, அவளும் மார்சியா மாதிரித்தானே? ஒன்றுமில்லை என்று ஒரு பெரியவள் சொல்லவேண்டும் என்று காத்துக்கொண்டு நிற்கிறாள். நான் சொல்லமாட்டேன். இனிமேல் அந்தச் சொல் என் வாயில் வராது. கையில் ஒரு தாள் இல்லாமல் நாடு நாடாக அலைந்தவர்கள் நாம். ஒரு முத்திரை நம்மை உள்ளே விட்டது, ஒரு முத்திரை இல்லாததால் சுபா காம்பில் கிடக்கிறாள். எல்லாவற்றுக்கும் தாள்தான் என்று அடிபட்டுப் படித்த நாம், கலியாணத்தில் மட்டும் தாள் ஒன்றுமில்லை என்று எந்தத் துணிவில் சொன்னோம்? நீ நல்லவன், சுபா நல்லவள், வசந்தி நல்லவள். டெரலின் கதையிலும் எல்லாரும் நல்லவர்கள்தான்.

சுபாவை அங்கேயே கிடக்கவிடு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நான் மனிசியில்லை. நேற்று மார்சியாவோடு அவளுடைய தேவாலயத்துக்குப் போனேன். அகதியாக நிற்கிற ஒருவருக்கு ஐந்து பேர் சேர்ந்து பொறுப்பெடுத்தால் கூப்பிடக் கேட்கலாமாம். வீடு, சாப்பாடு, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் நாம் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டுமாம். சுணங்குமாம், மறுத்தாலும் மறுப்பார்களாம். ஆனால் அது பொய்யில்லை. உண்மையில் அவளை நாம்தானே பார்க்கப்போகிறோம்? முதலாவது ஆளாக நான் கையெழுத்து வைத்தேன். மார்சியா என் கையிலிருந்து பேனையைப் பிடுங்காத குறையாக வாங்கி இரண்டாவதாக வைத்தாள். அப்பா மூன்றாவது, அவருக்கு இன்னும் தெரியாது. குகனைக் காதைப் பிடித்து இழுத்து வா. ஐந்தாவது நீ.

இனி வசந்தி. இரண்டு வருடமாக நான் இழுத்தடித்தேன். ஆடி என்றேன், மார்கழி என்றேன், சாதகம் பார்க்க ஆள் இல்லை என்றேன். உண்மையை நீ அறிவாய், வாய்விட்டுச் சொல்லாதது உன் மரியாதை. வசந்தி மட்டக்களப்புப் பிள்ளை. மட்டக்களப்பார் மருந்து மாயம் செய்து, வந்த ஆம்பிளையைத் திரும்பிப் போகவிடாமல் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று எங்கள் யாழ்ப்பாணத்துச் சனம் சொல்கிற பழைய கதையை நானும் தூக்கிக்கொண்டு திரிந்தேன். அவள் உன்னைப் பாயோடு ஒட்டவைக்கிறாளோ இல்லையோ, நீ ஜேர்மனியில் எவளோடோ தாளோடு ஒட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆடியும் வேண்டாம், மார்கழியும் வேண்டாம். கோயில், தாலி, மேளம் எல்லாம் ஆறுதலாகச் செய்யலாம். முதலில் எழுத்து.

இன்று பின்னேரம் நீயும் வசந்தியும் போய்க் கலியாண லைசென்ஸ் எடுக்கவேண்டும். நாளை வியாழக்கிழமை காலை சிற்றி ஹோலில் எழுத்து. சாட்சிக்கு மார்சியா வருகிறாள், வேலைக்கு லீவு சொல்லிவிட்டாள். வசந்தியின் தகப்பனிடம் நானே போய்க் கேட்டேன். அந்த மனிதன் எழும்பிப்போய் எனக்குத் தேத்தண்ணீர் போட்டுத் தந்தார். வசந்தி அழுதாள், பிறகு சீலை எது கட்டுவது என்று கேட்டாள். எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. உனக்குத்தான் இப்போது சொல்கிறேன். வேண்டாமென்றால் கதவைத் திறந்துகொண்டு வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. நான் கத்தமாட்டேன்.

வேண்டுமென்றால், வெள்ளிக்கிழமை ரிக்கெற்றை வீணாக்காதே. ஜேர்மனிக்குப் போ. சுபாவைப் பார், அவளுக்கு ஒரு நல்ல குளிர்ச்சட்டை வாங்கிக் கொடு, என்ன நடக்கிறதென்று நேரில் விளங்கப்படுத்து, பயப்படாதே என்று சொல்லு. விமானத்துக்குக் கொடுக்கிற தாளில், ஏதும் நடந்தால் யாருக்கு அறிவிப்பது என்று கேட்கிற இடத்தில் என் பெயரை எழுதாதே. வசந்தியின் பெயரை எழுது, பக்கத்தில் மனைவி என்று எழுது. உனக்கு ஒன்றும் நடக்காது, பிள்ளையார் காப்பார். நடந்தால் ரெலிபோன் முதலில் அவளுக்கு அடிக்கவேண்டும்.